புளி போட்டுத் தேய்த்த பத்துத் தோட்டாக்கள்

சரவணா, நேரில் உட்கார்ந்து எதையாவது சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று மூன்று தடவை சொல்வாய். மூன்றாவது சரிம்மாவில் உன் கை போனுக்குப் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். நாம் இருக்கிற காப்பெல் ஊர்த் தமிழ்க்காரர்கள் போடுகிற ஆண்டு மலருக்குப் பெரியவர்கள் ஆளுக்கொரு கடிதம், பிள்ளைகளுக்கு எழுதுகிற மாதிரி எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் தாய்மொழி, பண்பாடு, ஒற்றுமை என்று எழுதுவார்கள். அதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் உன் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். உன்னிடம் அனுமதி கேட்டபோது, "எழுதிக்கோ. ஆனா என் பேரைப் போட்டேதான் எழுதணுமா?" என்றாய். சரவணன் என்று கூப்பிட்டால் இந்த ஊர் மளிகைக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பயப்படாதே. வருகிற வியாழக்கிழமை உன் தங்கை வீட்டுக்கு ஃப்ரீமான்ட் போகிறேன். ஆறு மாதம் அங்கேதான். போவதற்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம்.

உன் மகள் யாழினி பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில் காலேஜ் சேர்ந்து, குறி பார்த்துச் சுடுகிற கிளப்பில் சேருகிறேன் என்று சொன்னபோது வீட்டில் முதலில் வேண்டாம் என்றது நான்தான். அப்புறம் ஒரு சனிக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு, சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போனீர்கள். மடக்கு நாற்காலி, காதை மூடுகிற மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் கொடுத்துப் பின்னால் உட்கார வைத்தீர்கள். நூறு கஜம் தள்ளியிருந்த அட்டையில் உன் மகள் போட்ட மூன்று ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அந்த அட்டையைப் படம் எடுத்துச் சாத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். "பேத்தி போலீஸா?" என்று கேட்டாள். "இல்லடி, கம்ப்யூட்டர்தான் படிக்கிறா, இது சும்மா" என்று பதில் போட்டேன். சும்மா என்று எழுதினாலும் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

அதற்கப்புறம்தான் அவளுக்கென்றே அளவு கொடுத்து ஒரு ரைஃபிள் செய்யச் சொன்னாய். கடையில் வாங்கினால் எல்லோருக்கும் பொதுவான அளவில் இருக்குமாம். இது அவள் தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்ற மாதிரி. தெற்கே ஒரு மணி நேரம் தள்ளி, ஹேங்க் என்கிற கிழவர் தன் பட்டறையில் எட்டு மாதம் எடுத்துச் செய்து கொடுத்தார். வந்த அன்று நீ அதைச் சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து வைத்து எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாய். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாய், அதற்கு உனக்கு நன்றி. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள் நான். மருந்து, உரசல், சூடு என்றால் எனக்குக் காது தானாக நீளும். தோட்டா என்றால் நான்கு பொருள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்: ஒரு பித்தளைக் குடுவை, அதற்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு, அடியில் பொட்டு மாதிரி ஒரு குட்டி மூடி. அந்த மூடியைப் பிரைமர் என்கிறீர்கள். ஊசி அதைத் தட்டினால் மருந்து பற்றும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து கதவு மாதிரி அடைத்துப் பூட்டுகிற இரும்புத் தண்டு, போல்ட். "இவ்வளவு அழுத்தம் பின்னாடி வராம இந்தக் கதவுதான் தாங்குதா?" என்று கேட்டேன். "குக்கர் மாதிரிதாம்மா" என்றாய். "குக்கருக்கு மேல வெயிட் இருக்கு, மிஞ்சினா தூக்கி விட்டுரும். இதுக்கு எங்கே இருக்கு?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். யாழினி கன்னத்தை வைக்கிற இடத்துக்கும் அந்தக் கதவுக்கும் நாலு விரல்கூட இடைவெளி இல்லை என்பதை நான் அன்றே பார்த்துவிட்டேன்.

இனிமேல் வருவது என் தப்பு. ஒரு வியாழக்கிழமை, மறுநாள் வெள்ளிக்காக விளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கராஜிலிருந்து பழைய துணி எடுக்கப் போனபோது உன் மேஜையில் ஒரு தோட்டாப் பெட்டி திறந்து கிடந்தது. ரைஃபிளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற நீ, தோட்டாவை மட்டும் ஏன் வெளியில் விட்டாய் என்று நான் இப்போதும் கேட்பேன். இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து. பளபளவென்ற பித்தளை, ஆனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் நீலம் பாரித்த மாதிரி ஒரு கறை. புதுப் பெட்டியில் இப்படிக் கறையோடு விற்கிறானே என்று எனக்குக் கோபம். பேத்திக்கென்று வாங்கியது ஆயிற்றே. ஒரு வரிசையை அப்படியே எடுத்துவந்து புளியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி கறுக்காமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகப் பூசினேன். கறை போய்விட்டது. அதற்குள் கலா ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். உன் பெண்டாட்டிக்கு டீ போடப் போனதால் இரண்டாவது வரிசை தப்பித்தது. தேய்த்த பத்தையும் இருந்த இடத்திலேயே வரிசையாகத் திருப்பி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் ஆபீஸ் லேப்டாப்பை ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்ததற்கு நீ பேசிய பேச்சு எனக்கு ஞாபகம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நடந்தது உனக்கும் தெரியும். மலரில் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புது ரைஃபிளில் முதல் ஒன்பதை நீயே சுட்டாய். ஒவ்வொரு தடவையும் போல்ட்டின் கைப்பிடி தூக்க வரவில்லை. உள்ளங்கையால் தட்டித் தட்டித் தூக்கினாய். பத்தாவதை யாழினி, "என் டர்ன் அப்பா" என்று கேட்டு வாங்கிச் சுட்டாள். சுட்டதும் முகத்தைச் சட்டென்று விலக்கினாள்.

"என்னடா?" என்றாய்.

"கன்னத்துல ஹாட்டா காத்து பட்டுச்சுப்பா. லைக், ஊதின மாதிரி."

கண்ணாடி போட்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. நீ அவளை எழுப்பிவிட்டு, மறுபடி நீயே உட்கார்ந்து, அடுத்த வரிசையிலிருந்து நான்கு சுட்டாய். அந்த நான்கும் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் முன்னைப் போல இல்லை. தட்டாமலே தூக்க வந்தது. உன் முகம் தெளிந்துவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாய்: "புது பேரல்ல இப்படித்தான் இருக்கும். பழகுது. பாரு, இப்பவே பரவால்ல. இன்னும் ஒரு பெட்டி சுட்டா ஸ்மூத் ஆயிடும். அடுத்த சனிக்கிழமை மேட்ச்ல இவ இதுலதான்." நான் பின்னால் நாற்காலியில்தான் இருந்தேன். முதல் பத்துக்கும் அடுத்த நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ரேஞ்சிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

காலிக் குடுவைகள் பதினான்கையும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தேன். பயமும் இருந்தது; பார்க்கப் பார்க்க ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன். அதற்கு முந்தின மாதம் உன் ஆபீஸ் நண்பன் பிரபு, கடையில் வாங்கிய தன் ரைஃபிளில் சுட்ட காலிக் குடுவைகள் கராஜில் உன் மேஜையில் ஒரு டப்பாவில் இருந்தன. நீங்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே கடையில் சேர்ந்து வாங்கிய தோட்டா. பெட்டியில் அச்சடித்த எண்கூட ஒன்றுதான். பிரபுவுடையதில் அடியிலிருக்கும் பிரைமரின் ஓரம் மாத்திரை மாதிரி உருண்டையாக இருந்தது. நம்முடையதில் அந்த ஓரமே இல்லை. சுத்தியலால் தட்டினாற்போல் தட்டையாகி, பித்தளையோடு பித்தளையாக இழைந்திருந்தது. பக்கத்தில் பளபளவென்று சின்னதாக ஒரு வட்டத் தழும்பு வேறு. ஒன்றில் மட்டும் ஊசி பட்ட இடத்தில் நிஜமாகவே ஓட்டை விழுந்திருந்தது. யாழினி கன்னத்தில் ஊதியது எது என்று அந்த ஓட்டையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. நான் தொடாத நாலிலும் அதே தட்டை, அதே தழும்பு, அளவில்தான் குறைவு. என்னால்தான் எல்லாம் என்றால் அந்த நாலு பிரபுவுடையது மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

அப்போதே உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குகிற வேலை எனக்கு. ஒரு மழை நாளில் ஈரக் கையோடு அடுக்கிவிட்டேன். அந்தச் சட்டங்களில் மருந்து பிடிக்காமல் உதிர்ந்தது. மருந்து கலக்குகிற மாரியப்பன் அண்ணன்மேல் பழி விழுந்தது. "கலவை சரியில்ல" என்று எல்லோர் முன்னாலும் அவரைப் பேசினார்கள். இரண்டு நாள் வேலைக்கு வராதே என்று அனுப்பினார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சின்ன வயது, பயம் என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எழுபத்திரண்டு வயதில் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன சமாதானம்? பேத்தி முன்னால், மருமகள் முன்னால், விவரம் தெரியாதவள் என்று பெயர் வாங்கக் கூடாது என்கிற வீம்புதான். அந்த வீம்புக்கு மூன்று நாள் கொடுத்தேன். மேட்ச்சுக்கு மிச்சம் இருந்ததோ நாலு நாள்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் நீ, "இன்னொரு பெட்டி வாங்கிட்டேன், வெள்ளிக்கிழமை சுட்டுப் பழக்கிடலாம்" என்றாய். யாழினி அன்று காலேஜிலிருந்து வந்திருந்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"சரவணா, அந்த முதல் பத்துத் தோட்டாவையும் நான் புளி போட்டுத் தேய்ச்சேன்."

நீ சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாய். "எதை?"

"கழுத்துல கறையா இருந்துச்சு. தேய்ச்சு, தேங்காண்ணெய் போட்டு வச்சேன்."

"அப்பத்தா!" என்று யாழினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "லைவ் ஆமோவை? புளி வச்சா?"

"பித்தளைன்னா புளிதானடி."

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? வெடிச்சிருந்தா?" என்று நீ எழுந்தாய். எச்சில் கையோடு கராஜுக்குப் போனாய். கதவு அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது. கலா என்னைப் பார்த்து, "விடுங்க அத்தை, வருவாரு" என்றாள். பத்து நிமிஷத்தில் நோட்டோடு வந்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ கேட்ட முதல் கேள்வி, "எந்த வரிசை?" என்பது. அந்தக் கேள்விக்காக உன்னை எத்தனை மெச்சினாலும் தகும். ஆபீசில் அடுத்தவன் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கிறதுதானே உன் உத்தியோகம். அந்தச் சரவணன் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தான்.

"விலை ஒட்டியிருக்கிற பக்கத்து வரிசை. பத்தும்."

நோட்டைப் பார்த்தாய். "ஒண்ணுலேருந்து பத்து வரை. அப்போ பதினொண்ணுலேருந்து லூஸானது..."

"பிரேக்-இன் இல்ல," என்றாள் யாழினி மெதுவாக. "ரைஃபிள் பழகவே இல்லப்பா. ஆயில் இல்லாத ரவுண்ட் வந்துச்சு, அவ்ளோதான்."

அப்போது நீ எனக்கு விளக்கினாய். சுடும்போது பித்தளை வீங்கி, தான் இருக்கும் அறையின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். எண்ணெய் இருந்தால் பிடி வழுக்கி, தள்ளுகிற பலம் மொத்தமும் பின்னால் கதவில் விழுமாம். நான் பூதக்கண்ணாடியையும் குடுவைகளையும் கொண்டுவந்து தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். என் பத்து, என்னுடையதல்லாத நாலு, பிரபுவுடையது. நாலும் தட்டையாக இருப்பதைக் காட்டினேன். "தோட்டா ஒண்ணுதான், பிரபு ரைஃபிள்ல ஒழுங்கா இருக்கு. அப்ப நம்மளதுல என்ன?" என்றேன். "நாளைக்கு ஹேங்க்கிட்ட போகலாம்" என்றாள் யாழினி. நீ மட்டும், "தேவையா?" என்றாய். அப்போது அது எனக்கு விநோதமாகப் பட்டது.

ஹேங்க்கின் பட்டறையை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த வாசனை. யாழினி புளிக் கதையைச் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நீலக் கறை, கறையே இல்லையாம். பித்தளை வெடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சூடு காட்டிப் பதப்படுத்துவார்களாம், அதன் அடையாளமாம். நான் போராடித் தேய்த்துப் போக்கியது தரத்தின் முத்திரையை! எனக்கு ஓர் ஊகம் இருந்தது, யாழினியை விட்டுக் கேட்கச் சொன்னேன்: மருந்து கூடிப்போய்விட்டதோ? அவர் உடனே மீதியிருந்த ஆறு தோட்டாவில் மூன்றைப் பிரித்து, மருந்தைச் சின்னத் தராசில் போட்டுக் காட்டினார். மூன்றும் மயிரிழை வித்தியாசம். என் ஊகம் தப்பு. தப்பு என்று கண்ணுக்கு நேராக நிறுத்துக் காட்டியதில் எனக்கு ஒரு சந்தோஷம், ஏன் என்று தெரியவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் விசேஷம். பிரித்த தோட்டா ஒன்றை மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாவாக்கி, குண்டை மட்டும் பழைய ஆழத்துக்குச் செருகினார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, குண்டின் மூக்கைப் புகையில் காட்டினார். நான் உனக்குக் குழந்தையில் மை கூட்டியது மாதிரியே கறுகறுவென்று படிந்தது. அதை ரைஃபிளுக்குள் வைத்துக் கதவை மெதுவாக அடைத்துத் திறந்தார். வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியை என்னிடமே கொடுத்தார். கருப்பில் நாலு கீறல், சம இடைவெளியில், நகத்தால் கீறின மாதிரி. குழலுக்குள் குண்டைச் சுழற்றி அனுப்ப வரிகள் ஓடுகின்றன அல்லவா, குண்டு கிளம்புவதற்கு முன்பே அந்த வரிகளில் முட்டிக்கொண்டிருக்கிறது. கிளம்பி ஓடிவந்து வரியில் ஏறக் கொஞ்சம் இடம் வேண்டுமாம், இங்கே இடமே இல்லை. மருந்து எரிகிறது, குண்டு நகர மறுக்கிறது, அழுத்தம் பின்னால் ஏறுகிறது. "ஏன் இடமில்லாம செஞ்சாரு?" என்று நான் கேட்டேன். யாழினி கேட்டுச் சொல்வதற்குள் ஹேங்க் ஒரு கோப்பை எடுத்து ஒரு தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார். ஆர்டர் தாள். அந்த இடைவெளிக்கான கட்டத்தில் ஓர் எண். உன் கையெழுத்து. ஏழு எழுதும்போது நடுவில் ஒரு கோடு போடுவாயே, அது.

நீ யாரையும் பார்க்கவில்லை. எனக்கு உன் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. யூனிஃபார்ம் தைக்க அப்பா உன்னைத் தனியாகத் தையல்கடைக்கு அனுப்பினார். கூட இரண்டு சிநேகிதர்கள். தையல்காரர் இடுப்பை அளக்க டேப்பை எடுத்தபோது, அளக்க வேண்டாம், எனக்கே தெரியும் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வந்தாய். கால்சட்டை வந்தது, உட்கார்ந்தால் மூச்சு விட முடியாது. "துணி சுருங்கிடுச்சும்மா" என்றாய். அந்த வருஷம் முழுக்கப் பொத்தானைப் போடாமல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். நான் துணி வாங்கின கடையில் போய்ச் சண்டைகூடப் போட்டேன். பிள்ளையைக் கேட்காமல் கடைக்காரனைக் கேட்ட என் புத்தியையும் இதில் எழுதிக்கொள்கிறேன்.

ஹேங்க் உன்னைக் குத்திக்காட்டவில்லை. நீ தோட்டாவை வீட்டிலேயே நீளமும் மெலிவுமான வேறொரு குண்டு போட்டுச் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாயாம். அந்தக் குண்டுக்கு அந்த எண் சரிதானாம். கடைத் தோட்டாவின் குண்டு மூக்கு தடிமன். எண்ணும் குற்றமில்லை, தோட்டாவும் குற்றமில்லை, இரண்டையும் சேர்த்ததுதான் குற்றம். அறையைக் கொஞ்சம் முன்னால் கடைந்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் நாலு வாரம் ஆகும் என்றார். நீ உடனே ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாய். யாழினி அப்போது எனக்குச் சொல்லவில்லை, ஆனால் உன் வாயில் 'சாட்டர்டே' என்பது மட்டும் எனக்குக் கேட்டது. வேறு கம்பெனித் தோட்டா, மூக்கு மெலிந்தது, இந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் போதாதா என்று நீ கேட்டிருக்கிறாய், பிற்பாடுதான் அவள் சொன்னாள். கிழவர் தோளைக் குலுக்கினார். முட்டாமலும் போகலாம், என்னைக் கேட்டால் சுடமாட்டேன் என்றாராம்.

எட்டு மாதம் காத்திருந்து செய்தது, மகள் முதல் மேட்ச். நீ ரைஃபிளைக் கையில் எடுத்தாய். உறையில் வைத்து ஜிப்பை இழுக்கப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். நான் வாயைத் திறக்க இருந்தேன், என்ன சொல்லியிருப்பேனோ. நீ அதை ஹேங்க்கின் மேஜைமேல் வைத்துத் தள்ளிவிட்டாய். பிறகு யாழினியிடம் திரும்பினாய்.

"அந்த நம்பரை நான்தான்டா எழுதிக் கொடுத்தேன். வீட்டுலயே லோட் பண்ணப் போறேன்னு சொல்லிட்டு அப்புறம் டைம் இல்லாம கடையில வாங்கிட்டேன். முதல் ஷாட்லயே எனக்கு டவுட் வந்துச்சு. ஒத்துக்க மனசு வரல. உன் கன்னத்துல காத்து பட்டப்பவே நிறுத்தியிருக்கணும்."

யாழினி உன்னையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ஓகே," என்றாள். "ஒருத்தர் புளி, ஒருத்தர் நம்பர். யூ போத் ஆர் கிரவுண்டட்." தப்பு செய்த பிள்ளைகளை வெளியே விடாமல் வீட்டில் உட்கார வைப்பார்களே, அந்தத் தண்டனையாம் நமக்கு. ஹேங்க்குக்கும் அதை மொழிபெயர்த்தாள். அவர் மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரில் ஏறியதும் அவள் பின்சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. என் புடவைத் தலைப்பு ஈரமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை பிரபுவின் ரைஃபிளில் சுட்டாள். கன்னத்துக்கு எட்டவில்லை என்று துணியை மடித்து ஒட்டிக்கொண்டாள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை, நடுவிலே ஓர் இடம் கிடைத்தது. அந்த அட்டையையும் நான் சாத்தூருக்கு அனுப்பினேன்.

மலர் படிக்கிறவர்கள் அறிவுரை எங்கே என்று கேட்பார்கள். எனக்கு அதிகம் தெரியாது சரவணா. நீ கெட்டிக்காரன், உன் மகள் உன்னைவிடக் கெட்டிக்காரி, நான் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு சாமான் முரண்டு பிடித்தால், அதைத் தட்டுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, இதில் நீங்கள் யாராவது கை வைத்தீர்களா என்று கேள். கேட்கிற குரலில் கோபம் இல்லாமல் கேள். சொல்ல வேண்டியவர்கள் மூன்று நாள் முன்னாடியே சொல்லியிருப்பார்கள். நீயும் உன்னை அதே மாதிரி கேட்டுக்கொள். உனக்குப் பயந்து நீயே ஒளிப்பதைத்தான் நான் அந்தப் பட்டறையில் பார்த்தேன்.

போன வாரம் ரைஃபிள் திரும்பி வந்தது. ரேஞ்சில் யாழினியை இரண்டு இடம் தள்ளி என் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு நீ உட்கார்ந்தாய். பெட்டி புதுசு, நான் அதைத் திறக்கக்கூட இல்லை, எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தேன். சுட்டாய். கைப்பிடியைத் தூக்கினாய், சத்தமே இல்லை, வெண்ணெயில் கை போகிற மாதிரி போயிற்று. குடுவையை எடுத்து வெயிலில் சாய்த்து அடியைப் பார்த்தாய். இன்னும் இரண்டு சுட்டாய், இரண்டையும் பார்த்தாய். என்னிடமும் கொடுத்தாய், பிரைமர் ஓரம் உருண்டையாக, தழும்பு இல்லாமல் இருந்தது. பிறகு எழுந்து, பெஞ்சு முன்னால் இருந்த முக்காலியை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்து, "வாடா, உட்காரு" என்றாய்.

"ஷ்யூரா, அப்பா?" என்றாள்.

ரைஃபிள் விஷயத்தில் நீ எப்போதும் கேள்வி முடிவதற்குள் 'ஷ்யூர்' சொல்லிவிடுகிறவன். அன்று மூன்று குடுவையையும் என் கையிலிருந்து திரும்ப வாங்கி, இன்னொரு தடவை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாய்.

அம்மா